ஐந்தாம் முடக்கில் போட்ட கட்டை

மலைப்பாதையில் பாரம் இழுப்பதற்கு வண்டி தெரிவு செய்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே பிழையானது. "ஏறுமா?" என்று கேட்கிறார்கள். ஏறாத வண்டி ஏறாமல் நின்றுவிடும். அதனால் எவருக்கும் கேடில்லை. இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும் பாரத்தை அது தாங்கிப் பிடிக்குமா, பின்னால் நிற்பவனுடைய குரல் வண்டியோட்டியின் காதில் விழுமா என்ற இரண்டுமே கேட்கப்பட வேண்டியவை. இதை நான் எங்கள் கோயில் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட இன்று ஐந்தாம் முடக்கைத் தனியாகக் கடப்பதில்லை.

எங்கள் றப்பர்த் தோட்டத்துக்குச் சிங்களத்தில் கிரிகல்கந்தை என்று பெயர்; எங்களவர்கள் வெள்ளைக்கல் என்பார்கள். தெஹியோவிட்டவிலிருந்து ஏறிவரும் பாதை, மேலிருந்து எண்ணப்படும் ஏழு முடக்குகளை, அதாவது கூரிய வளைவுகளை, கடந்து மலையின் கணவாயை அடையும். கணவாய்க்கு அப்பால் ஒரு பள்ளம். அதுதான் மேற்கணக்கு எனப்படும் மேற்பிரிவு. சென்ற ஆண்டின் அடைமழையில் அங்கிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் மண் வெடித்தது. மண்சரிவு அபாயம் என்று சிவப்பு அறிவிப்பு ஒட்டினார்கள். குடும்பங்கள் யாவும் கணவாய்க்கு இப்பால், அடிவாரத்துப் புதிய வீடுகளுக்கு இடம்பெயர்ந்தன. சட்டி பானைகளையும் பிள்ளைகளையும் தலையிலும் இடுப்பிலும் சுமந்துகொண்டு நடந்தே இறங்கினார்கள். நிர்வாகம் ஒரு லொறியும் அனுப்பவில்லை.

ஆனால், மேற்கணக்கில் மூடிக்கிடக்கும் பழைய றப்பர்த் தொழிற்சாலையின் இரும்பை ஏற்றுவதற்கு மாத முடிவில் ஆள் வரும் என்று அதே நிர்வாகம் அறிவித்தது. அந்த இரும்பில்தான் எங்கள் ரோதைமுனி இருந்தார்.

தொழிற்சாலை இயங்கிய காலத்தில் எந்திரங்களைச் சுழற்றிய பெரிய இரும்புச் சக்கரம் அது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். ரோதை என்றால் எங்கள் பேச்சில் சக்கரம். கையையும் காலையும் பறிக்கக்கூடிய அந்தச் சக்கரத்தில் ஒரு முனி குடியிருப்பதாக நம்பி, சுருட்டும் சாராயமும் வைத்து வணங்கினார்கள். சக்கரம் நின்று நெடுங்காலம் ஆனபின்னும் வணக்கம் நிற்கவில்லை. பழைய இரும்புக்காரனிடம் முனியைக் கொடுப்பதா? புதிய குடியிருப்புக்கு இறக்கிவிடுவது என்று சபை முடிவு செய்தது. அதுவரையில் எனக்கும் உடன்பாடே. பூசல் வண்டியில் தொடங்கியது.

சபைத் தலைவர் நடராஜா, தெஹியோவிட்டக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அண்மையில்தான் புத்தம் புதிய டபுள் கெப் ஒன்றை, இருவரிசை இருக்கையுள்ள பிக்கப் வண்டியை, வாங்கியிருந்தார். கியர் தானாக மாறும், கண்ணாடி தானாக ஏறும், உள்ளே குளிரூட்டி. இன்னொன்று, நஸீம் பாஸின் டிரக்டர். நஸீம் அந்தக் கடைத்தெருவின் மெக்கானிக்; கைத்தொழில் தெரிந்தவரைப் பாஸ் என்பது எங்கள் வழக்கு. தோட்டம் கழித்துவிட்ட பழைய டிரக்டரை வாங்கித் திருத்தி வைத்திருந்தார். அதற்குக் கூரைகூடக் கிடையாது. சக்கரத்தை ஏற்றப்போகும் இழுவைப் பெட்டியும் அவருடையதே.

"என் டபுள் கெப் யானையையே இழுக்கும், மாஸ்டர்," என்றார் நடராஜா.

"இழுக்கும், முதலாளி. எறக்கத்துல அந்த யானை உங்க முதுகுல ஏறுனா?" என்றேன் நான்.

"அதுக்குத்தானே பிரேக்கு இருக்கு."

"ரோதையும் பெட்டியும் சேர்ந்தா உங்க வண்டியவிட பாரம் கூட. பின்னால உள்ளது முன்னால உள்ளதத் தள்ளும். ஏழு முடக்கும் பிரேக்க மிதிச்சிக்கிட்டே எறங்குனா, பாதியிலேயே அது சூடேறிப் பிடிக்காம போயிடும். டிரக்டர் சின்ன கியர்ல போட்டா பிரேக்கே மிதிக்காம நடந்துவரும்."

நஸீம் தலையை ஆட்டினார். "என்ட டிரக்டர் கெழடுதான். ஆனா நில்லுன்னா நிக்கும்."

"நிக்கும் பாஸ், நின்னா அப்புறம் ஓடாது!" என்று எவரோ பின்னாலிருந்து சொல்ல, கூட்டம் சிரித்தது.

நடராஜா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "சாமி வர்றதுக்கு இந்தப் பொகையடிக்கிற தகரத்தையா கட்டுவீங்க? நாள பின்ன போட்டோவ பார்க்கிறவன் என்ன சொல்லுவான்? நம்மள எப்பவும் டிரக்டர் பெட்டியிலேயே பார்த்துப் பழகிட்டானுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் கூட்டத்தைத் தொட்டது. நோயாளியையும் பிணத்தையும் டிரக்டர்ப் பெட்டியில் ஏற்றியே வாழ்ந்தவர்கள் நாங்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் பிழையான இடத்தில் வந்து நின்றது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து விஜயகலா எழுந்தாள். றப்பர்மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி, கணவனை இழந்தவள். எந்த வண்டியானாலும் அதை ஓட்டப்போகிறவன் அவளுடைய ஒரே மகன் தினேஷ். பாரவண்டி ஓட்டுவதற்கு உரிமம் பெற்றவன் குடியிருப்பில் அவன் ஒருவனே.

"எந்த வண்டியா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதாங்க. ஓட்டுறவனுக்குக் காது கேக்கணும். அவ்வளவுதான்."

அவள் எதைச் சொல்கிறாள் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பாதையில் பாரவண்டி இறங்கும்போது பெட்டியுடன் ஒருவன் வருவான். கட்டைக்காரன் என்று பெயர். இறக்கத்தில் வண்டி நின்றால் உடனே பெட்டியின் சக்கரத்துக்கு முன்னால் ஆப்புக் கட்டையைப் போடுவான். மீண்டும் புறப்படுமுன் வண்டியோட்டி, "கட்டை!" என்று கூவுவான். கட்டையை எடுத்து விலகி நின்றபின், "எடுத்தாச்சு!" என்று பின்னாலிருந்து பதில் வரும். அந்தப் பதில் காதில் விழாமல் எவனும் வண்டியை நகர்த்தமாட்டான். எழுதிவைத்த சட்டமன்று, உயிர் போகக்கூடிய இடத்தில் தானாக உண்டான ஒழுங்கு.

விஜயகலாவின் கணவன் மருதை கட்டைக்காரனாக இருந்தவன். தினேஷ் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு, டிரக்டருக்குப் பதிலாக நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு லொறியைப் பெட்டி இழுக்கக் கொண்டுவந்தது. மழை நாள். லொறிக்காரன் கண்ணாடியை ஏற்றியிருந்தான். ஐந்தாம் முடக்கில் நின்றார்கள். வலப்பக்கச் சக்கரத்தின்முன் மருதை குனிந்திருக்கையில் லொறி புறப்பட்டது. மேலே றப்பர்மலையில் நின்ற பெண்களுக்கெல்லாம், "எடுக்கல! எடுக்கல!" என்று அவன் கத்தியது கேட்டது. அந்தப் பெண்களில் விஜயகலாவும் ஒருத்தி. லொறிக்குள் இருந்தவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

விசாரணை நடந்தது. சக்கரத்தடியில் கட்டை எதுவும் காணப்படவில்லை என்றும், ஆகவே தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்றும் எழுதினார்கள். வண்டியை நகர்த்தியவன் எவன் என்பது அந்த அறிக்கையின் எந்த வாக்கியத்திலும் இல்லை, வண்டி நகர்ந்ததாம். மருதையின் கட்டை பலாமரத்தில் செதுக்கியது. விஜயகலாவின் பழைய சேலைக் கரையை முறுக்கிப் பிடிகயிறாகக் கட்டியிருந்தான். அது பள்ளத்தில் உருண்டிருக்கும் என்று பற்றைப் புதர்களையெல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை.

அதன்பிறகு ஐந்தாம் முடக்கைப் பற்றிப் பேச்சுகள் எழுந்தன. அந்த இடம் இன்னும் ஓர் ஆளைக் கேட்கிறது என்றார்கள். நான் இத்தகைய பேச்சுகளை வகுப்பறையிலும் வெளியிலும் கண்டித்தவன்.

கூட்டம் முடிவுக்கு வராததால், முனியிடமே பூக்கேட்பது என்று தீர்மானித்தார்கள். வாகனத் தெரிவைப் பூவிடம் விடுவது பெரும் மடமை என்று நான் சொன்னதை எவரும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் முற்பகல் மேற்கணக்குக்குப் போனோம். தொழிற்சாலையின் கூரைத் தகரங்களில் பாதி பறந்துபோயிருந்தது. உள்ளே இருட்டில் அந்தச் சக்கரம் எண்ணெயும் குங்குமமும் படிந்து கறுப்பாக நின்றது. எந்திரம் நின்று அத்தனை காலம் ஆகியும், புளித்த றப்பர்ப்பாலின் வாடை அங்கே இருந்தது.

வெள்ளைப் பூ டபுள் கெப்புக்கு. சிவப்புப் பூ டிரக்டருக்கு. இலையில் மடித்துச் சக்கரத்தடியில் வைத்தார்கள். ஓட்டுபவனின் தாயே எடுக்கட்டும் என்றார் நடராஜா. விஜயகலா கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

அவள் பூவைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். "சாமி சொன்னா சரி. ஆனா கண்ணாடிய எறக்கி வச்சிட்டுத்தான் ஓட்டணும், தினேஷு. மழ பேஞ்சாலும். எனக்குச் சத்தியம் பண்ணு."

"அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க..."

"பார்க்கட்டும். பண்ணு."

அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

வெள்ளிக்கிழமை காலையில், அடிவாரத்திலிருந்து வெற்றுப் பெட்டியை டபுள் கெப்பில் கொளுவிக்கொண்டு ஏறினோம். தினேஷ் ஓட்டினான். அவனுக்குப் பக்கத்தில் நடராஜா. பின்னிருக்கையில் நான் மட்டும். கட்டைக்காரனாக வந்த உதயராஜ் பெட்டியில் நின்றான். சக்கரத்தைத் தூக்கிவைப்பதற்கு வேண்டிய சங்கிலிகளுடன் நஸீம் டிரக்டரில் பின்தொடர்ந்தார். நான்கு சக்கரங்களிலும் எலுமிச்சம்பழம் நசுங்க, தப்புப் பறை முழங்க, வண்டி மிக இலகுவாக ஏறியது. நடராஜா திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

மேற்கணக்கில் இறங்கியதும் உதயராஜ் என்னிடம் ஒதுங்கி வந்தான். வாட்டசாட்டமான ஆள், எளிதில் அஞ்சுபவன் அல்லன்.

"மாஸ்டர், அஞ்சாம் முடக்குல வண்டி எதுக்கு மெதுவாச்சு?"

"வளைவுதானே. மெதுவாத்தான் போகணும்."

"இல்லீங்க. வலப்பக்கம் பெட்டி லேசா எறங்குச்சு. ஓடுற பெட்டியில ஆள் தொத்தி ஏறுனா எறங்கும் பாருங்க, அந்த மாதிரி. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்ல."

"பெட்டியோட வில்லுத்தகடு பழசு," என்று சொல்லி அவனை அனுப்பினேன். ஆனால் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். வலப்பக்கத்துப் பலகையில் ஈரம் தெரிந்தது. அன்று காலை மழை பெய்திருக்கவில்லை.

சக்கரத்தைப் பெயர்த்து ஏற்றுவதற்கு நண்பகல் தாண்டிவிட்டது. பாரத்தின் பெரும்பகுதி அச்சுக்குச் சற்று முன்னால் இருக்குமாறு வைக்கும்படி சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் கேட்டார்கள். தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். ஊர்வலம் குறுக்குப்பாதையில் முன்னே இறங்கியது. எங்கள் வண்டி கணவாய்க்கு ஏறியது. ஏற்றத்தில் அது ஒருமுறைகூடத் திணறவில்லை என்பதை நேர்மையுடன் பதிவு செய்கிறேன்.

கணவாயைத் தாண்டியதும் மூடுபனி வந்து கண்ணாடியில் மோதியது; பின்னாலேயே மழை. திறந்திருந்த முன்சாளரங்கள் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. நடராஜாவின் புதிய இருக்கை நனைந்தது.

"கண்ணாடிய ஏத்துடா."

"வேணாங்க முதலாளி. அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஒன் சத்தியத்துக்கு என் சீட்டு ஊறணுமா? வெளிய பார்க்கவே முடியல, உள்ள வேற ஆவி பிடிக்குது. நம்ம உயிரும் போகும்." தம் பக்கக் கதவிலிருந்த பொத்தானை அழுத்தினார். தினேஷின் பக்கம் மட்டும் திறந்திருந்தது. "அதையும் ஏத்து. சாமியோட உள்ளூர் போலிசா நீ?"

"முதலாளி, விடுங்க அவனை," என்றேன்.

"மாஸ்டர், இது என் வண்டிங்க."

அது உண்மை. தினேஷ் கண்ணாடியை ஏற்றினான். மழையின் ஓசையும் தப்பின் ஓசையும் ஒருசேர அறுந்தன. குளிரூட்டியின் மெல்லிய இரைச்சல் மட்டும் எஞ்சியது. கிணற்றுக்குள் இறங்கியதைப்போல் இருந்தது.

முதலாம் முடக்கிலேயே பாரம் தள்ளத் தொடங்கியது. மூன்றாம் முடக்கில் பிரேக் கருகும் வாடை வந்தது. நான்காவதில் தினேஷின் கால் ஆழமாக இறங்கியும் வண்டி தாமதித்தே அடங்கியது. அவன் பிடரியில் வியர்வை வழிந்தது. "சூடாயிடுச்சுங்க. அடுத்த முடக்குல நிப்பாட்டி ஆறவிடணும்."

டிரக்டராக இருந்தால் அந்த இடத்தில் நிற்கவேண்டிய தேவையே இருந்திராது.  அதைச் சொல்வதற்கு நேரமில்லை. ஐந்தாம் முடக்கில், மலைப்பக்கத்து மண்மேட்டில் உராய்வதுபோல் ஒட்டிக்கொண்டு நின்றோம். பின்கண்ணாடியில் உதயராஜ் கட்டையுடன் குதித்து இடப்பக்கச் சக்கரத்துக்கு ஓடுவது தெரிந்தது. பிறகு பனி அவனை மறைத்தது.

பிரேக் ஆறும்வரை காத்திருந்தோம். முன்கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டேயிருந்தது. நடராஜா பொறுமையிழந்தார்.

"போதும். நல்ல நேரம் முடியப்போகுது. கட்டைய எடுக்கச் சொல்லு."

தினேஷ் ஒலிப்பானை அடித்தான். பிறகு, பழக்கத்தால், "கட்டை!" என்று கூவினான். அடைத்த வண்டிக்குள் அந்தக் கூவல் எங்கள் காதுகளையே அறைந்தது. பின்னாலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்?

"எடுத்திருப்பான். ஹாரன் அடிச்சோமே. கால எடு," என்றார் நடராஜா.

தினேஷின் கை கியர்த் தண்டை நோக்கிப் போனது. அவ்வேளையில், புளித்த றப்பர்ப்பாலின் வாடை அந்தப் புது வண்டிக்குள் எழுந்தது. என் வலப்பக்க இருக்கை சற்றே அமுங்கியது. அதை நான் கண்ணால் பார்த்தேன். நனைந்த துணியை வைத்தாற்போல் இருக்கைத் தோலில் நீர் பரவியது.

"எடுக்கல."

உரத்த குரல் அன்று. களைத்த மனிதன், பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோன்ற குரல்.

நடராஜா திரும்பினார். "மாஸ்டர், என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

அவருடைய பார்வை என்னைவிட்டு எனக்குப் பக்கத்து இருக்கைக்குப் போனது. அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. தினேஷ் திரும்பவில்லை. கைப்பிரேக்கை முழு வலிமையுடன் இழுத்தான். கதவைத் திறந்துகொண்டு மழையில் குதித்தான்.

நான் இறங்கிப் போனபோது உதயராஜ் இடப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் மண்ணில் கிடந்தான். கட்டை பாரத்தால் இறுகிப் பிடித்துக்கொண்டதாம். படுத்துக்கொண்டு தோளால் நெம்பியிருக்கிறான். அவன் சட்டைக்கை கட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையில் சிக்கியிருந்தது.

"எடுக்கல, எடுக்கலன்னு எவ்வளவு கத்துனேன்! கேக்கலயாடா ஒனக்கு?" என்று அவன் அழுதான்.

"கேட்டிச்சு," என்றான் தினேஷ். "ஆனா ஒன் சத்தம் இல்லண்ணே."

சட்டையைக் கிழித்து அவனை இழுத்தோம். தோளில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. நடராஜா இறங்கிவந்து நனைந்தபடி நின்றார். இருக்கையைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. எங்களுக்குப் பின்னால் இறங்கிவந்த நஸீம் டிரக்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"முதலாளி, வண்டியக் கழட்டுங்க," என்றேன். அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பெட்டியின் சக்கரங்களுக்குக் கற்களை அண்டக் கொடுத்து, டபுள் கெப்பைக் கழற்றி முன்னால் கொண்டுபோனோம். டிரக்டரைப் பக்கவாட்டில் நெருக்கி முன்னுக்கு எடுத்துக் கொளுவினார் நஸீம். அதற்குள் ஊர்வலம் குறுக்குப்பாதையிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது. தப்பு நின்றுவிட்டது. விஜயகலா, டபுள் கெப்பின் ஏற்றிய கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு டிரக்டரின் திறந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

கற்களையும் உதயராஜின் கட்டையையும் நீக்கினோம். எல்லோரும் விலகினோம்.

"கட்டை!" என்றான் தினேஷ். மழையில் அவன் குரல் மலைவரை போய்த் திரும்பியது.

"எடுத்தாச்சு!" என்றான் இடப்பக்கத்திலிருந்து உதயராஜ்.

சின்னக் கியரில் டிரக்டர் முன்னே உந்தியது. பெட்டி அசையவில்லை. அத்தனை பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுமந்த பெட்டி, அத்தனை செங்குத்தான இறக்கத்தில், எதிரே எந்தத் தடையுமின்றி நின்றது. டிரக்டரின் பின்சக்கரங்கள் மண்ணைக் கிளறின. கொளுக்கி விண்ணென்று முறுகியது. நஸீம் பெட்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே, யா அல்லாஹ்," என்றார். பெண்களில் ஒருத்தி, "ஆள் கேக்குது," என்று முணுமுணுத்தாள். அந்தச் சொல் கூட்டத்துக்குள் கைக்குக் கை மாறிப் போனது.

"எறங்குடா தம்பி, எறங்கு!" என்று தினேஷை நோக்கி எவரோ கத்தினார்கள்.

அவன் இறங்கவில்லை. தாயைப் பார்த்தான்.

விஜயகலா முக்காட்டை நீக்கினாள். தனியாக நடந்து பெட்டியின் வலப்பக்கத்துக்குப் போனாள். அப்பக்கம் பள்ளம், எவரும் நிற்காத பக்கம். சக்கரத்தின் அருகே, குனிந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதற்கு நாம் எவ்வாறு சாய்வோமோ, அவ்வாறு சாய்ந்தாள். நான் பெட்டியின் பின்புறத்தில் அண்மையில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"ஓட்டுறது நம்ம தினேஷுங்க. டிரக்டர்லதான் இருக்கான். நீங்க சொன்னா அவனுக்குக் கேக்கும். எடுத்திருங்க."

மழை பெய்துகொண்டிருந்தது.

"இவ்வளவு நாளு பிடிச்சிட்டு இருந்தது போதும். இங்க இனிமே ஆளில்ல. லயத்துல ஒருத்தருமில்ல. நாங்க எல்லாரும் கீழ போறோம். எடுத்துட்டு வாங்க."

தினேஷ் மீண்டும் கூவினான். இம்முறை குரல் உடைந்திருந்தது. "கட்டை!"

கட்டைக்காரன் உதயராஜ் வாய்திறக்கவில்லை. அவன் வெறுங்கையுடன் என்னருகே நின்றுகொண்டிருந்தான். பதில் வலப்பக்கத்திலிருந்து வந்தது.

"எடுத்தாச்சு."

கூட்டம் முழுவதும் அதைக் கேட்டது. எவரும் ஓடவில்லை. பெட்டி மெதுவாக, மிக மெதுவாக, முன்னே உருண்டது. டிரக்டர் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வளைவைத் திரும்பியது.

வலப்பக்கச் சக்கரம் நின்றிருந்த இடத்தில், சேற்றில், ஒரு கட்டை கிடந்தது.

பலாக்கட்டை. பாசி பிடித்துக் கறுத்திருந்தது. அதன் சாய்ந்த முகத்தில் டயரின் கோடுகள் அப்போதுதான் பதிந்தவையாக, வெளுப்பாகத் தெரிந்தன. பிடியில் முறுக்கிய சேலைக்கரை. இழை இழையாக உக்கியிருந்தும் முடிச்சு அவிழவில்லை. மழையில் மேட்டுமண் கரைந்து அது வெளியே வந்திருக்கலாம் என்று பிற்பாடு நஸீம் சொன்னார். இருக்கலாம். அந்த இடத்தில் கற்களை அண்டக் கொடுத்தவன் நான். அப்போது அங்கே கட்டை இல்லை.

விஜயகலா அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "வைக்கலன்னு எழுதுனாங்களே, மாஸ்டர்," என்று மட்டும் சொன்னாள். அவள் அழவில்லை. என்னால்தான் அந்தப் பாசி படிந்த மரத்தைத் தொடர்ந்து பார்க்க இயலவில்லை. ஓர் ஆளைக் கொன்றுவிட்டு அவன்மேலேயே பழியை எழுதிய கைகளை நினைத்தேன். அவை இன்றும் எங்கோ நல்ல பேனாவால் எழுதிக்கொண்டிருக்கும்.

அவள் பெட்டியின் வலப்பக்கமாக, கட்டையை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தாள். ஆறாம் முடக்கிலும் ஏழாம் முடக்கிலும் டிரக்டர் நிற்கவில்லை. சின்னக் கியரில், நடைவேகத்தில், தினேஷ் அதை இறக்கிக் கொண்டுவந்தான். நடராஜாவின் டபுள் கெப் ஆளில்லாமல் பாதையோரத்தில் நின்றது. அதற்குள் ஏறி உட்கார அன்று எவரும் முன்வரவில்லை, அதன் சொந்தக்காரர் உட்பட. அவரும் எங்களுடன் நடந்தார்.

குடியிருப்பின் நுழைவாயிலில் இறுதியாக ஒரு சிறு சரிவு உண்டு. அங்கே வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். உதயராஜ் இடப்பக்கத்தில் கட்டையைப் போட்டான். கற்பூரம் அணைந்ததும் எடுத்தான்.

"கட்டை!" என்றான் தினேஷ், முன்னால் பார்த்தபடி.

"எடுத்தாச்சு!" என்றான் உதயராஜ்.

தினேஷ் கிளச்சை விடவில்லை. காத்திருந்தான். கூட்டமும் காத்திருந்தது. நான் வலப்பக்கத்தில் விஜயகலாவுக்கு நேரெதிரே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன. கட்டை அவள் கையில் இருந்தது.

அவளுக்குப் பின்னால், பாதைக்கு இப்பால், எங்கள் குடியிருப்பின் எல்லைக்குள்ளிருந்து அதே களைத்த குரலில் அந்தப் பதில் வந்தது.

தினேஷ் கிளச்சை விட்டான்.